“டீச்சர், உங்க வாய்ஸ் கட்டாகுது”: ரவுட்டரில் எதைத் தொடலாம், எதை விட்டுவிடலாம்?

கேள்வி: நாகர்கோவிலில் எங்களுடையது மாடி வீடு. ஃபைபர் ரவுட்டர் கீழே வாசல் அறையில் இருக்கிறது. நான் மாடியில் பின்பக்க அறையில் உட்கார்ந்து மாலை 6 முதல் 9 வரை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பிளான் 100 எம்பிபிஎஸ். பிள்ளைகள் பேசுவது எனக்கு நன்றாகக் கேட்கிறது. ஆனால் என் குரல் உடைந்து உடைந்து வருகிறது என்கிறார்கள். ஒரு வீடியோவைப் பார்த்து ரவுட்டரின் அட்வான்ஸ்டு பக்கத்தில் டிரான்ஸ்மிட் பவரை 100 சதவீதம், பீக்கன் இன்டர்வலை 50, ஆர்டிஎஸ் த்ரெஷோல்டை 500, 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தை 40 என்று மாற்றினேன். பழைய டேப்லெட் ஒன்று இணையவில்லை என்பதால் பாதுகாப்பு முறையையும் டிகேஐபி என்று மாற்றினேன். முன்பு கீழே போனில் 90 காட்டிய ஸ்பீடு டெஸ்ட் இப்போது 20-ஐத் தாண்டவில்லை. மாடியில் முன்னைவிட மோசம். 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறிவிடலாம் என்கிறார் கணவர். மாறலாமா? அட்வான்ஸ்டு பக்கத்தில் என்னென்ன எண்களை வைக்க வேண்டும்?

பதில்:

வணக்கம் டீச்சர். பிளானை மாற்ற வேண்டாம். கணவர் பணம் கட்டுவதற்குள் இதை அவரிடம் காட்டிவிடுங்கள்.

வகுப்பு நடக்கும்போது நீங்கள் அனுப்பும் வீடியோ, குரல், பகிரும் திரை எல்லாம் சேர்ந்தாலும் 4 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுவது அபூர்வம். குரலுக்கு மட்டும் என்றால் 0.1 எம்பிபிஎஸ் தாராளம். 100-இல் கிடைக்காத அந்த 0.1, 300-க்குப் போனால் மட்டும் கிடைத்துவிடாது. உங்கள் குரலைச் சுமந்து போகும் தரவுத் துண்டுகளில் சில வழியில் தொலைகின்றன, சில தாமதமாகப் போய்ச் சேர்கின்றன. தாமதமாக வந்த துண்டை எதிர்முனையில் இருக்கும் ஆப் தூக்கிப் போட்டுவிடும். அதைத்தான் பிள்ளைகள் “கட்டாகுது” என்கிறார்கள். ஓடிடியில் படம் பார்க்கும்போது இந்தக் கோளாறு தெரிவதில்லை. படம் எப்போதும் கொஞ்சம் முன்னதாகவே இறங்கி இருப்பில் இருக்கும். நேரலைப் பேச்சில் அப்படி இருப்பு வைக்க வழியில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி, பிள்ளைகள் பேசுவது உங்களுக்கு நன்றாகக் கேட்கிறது என்பதுதான். அப்படியென்றால் வரும் வழி சரி, போகும் வழிதான் உடைகிறது. டிரான்ஸ்மிட் பவரை ஏற்றியதால் பலன் இல்லாமல் போனதும் இதனால்தான். அந்த எண் ரவுட்டரின் சத்தத்தை மட்டுமே கூட்டும். கோயில் கொடையில் மைக் செட்டில் பேசுபவரின் குரல் ஊருக்கே கேட்கும். கூட்டத்தின் கடைசியில் நிற்பவர் வெறும் வாயால் சொல்லும் பதில் மேடைக்குப் போய்ச் சேராது. லேப்டாப்புக்கும் போனுக்கும் மைக் செட் கிடையாது. திரையில் தெரியும் வைஃபை கோடுகள் ரவுட்டரின் சத்தம் உங்களுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும் காட்டுகின்றன. உங்கள் சத்தம் ரவுட்டருக்கு எவ்வளவு கேட்கிறது என்று அந்தக் கோடுகள் காட்டுவதில்லை.

ஆனாலும் கோளாறு காற்றில்தான் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். போகும் வழி என்பது இரண்டு துண்டு: லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வரை ஒன்று, ரவுட்டரிலிருந்து வெளியே ஒன்று. எந்தத் துண்டில் உடைகிறது என்று தெரியாமல் எண்களை மாற்றுவதால்தான் பலர் வீட்டில் அட்வான்ஸ்டு பக்கம் அலங்கோலமாகிறது. இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. வகுப்பு நேரத்திலேயே, அதே அறையில், லேப்டாப்பை சார்ஜரில் போட்டுவிட்டு கமாண்ட் ப்ராம்ப்ட் ஜன்னல் இரண்டைத் திறங்கள். ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்குத் தொடர்ந்து பிங் (சின்னத் தரவை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் கட்டளை) ஓடட்டும். அது பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பார்க்கலாம். மற்றதில், வெளியே இணையத்தில் இருக்கும் கூகுள் சர்வரின் முகவரியான 8.8.8.8-க்குப் பிங் ஓடட்டும். இதைப் போனில் செய்யாதீர்கள். பேட்டரியை மிச்சப்படுத்த போன் தன் வைஃபையை அடிக்கடி தூங்கப் போடும். அதனாலேயே எண்கள் ஏறி இறங்கி உங்களைக் குழப்பும்.

நல்ல வைஃபையில் ரவுட்டருக்கான பிங் 2, 3, 5 மில்லிசெகண்ட் என்று அடக்கமாக ஓடும். குரல் உடைகிறது என்று பிள்ளைகள் சொல்லும் அதே நொடியில் அது 150, 400 என்று எகிறினாலோ, பதிலே வராமல் ‘டைம்டு அவுட்’ விழுந்தாலோ, கோளாறு உங்கள் வீட்டுக் காற்றில் இருக்கிறது. முதல் ஜன்னல் அமைதியாக ஓட, 8.8.8.8 ஜன்னல் மட்டும் துள்ளினால் வைஃபையைத் தொடவே வேண்டாம். கோளாறு ரவுட்டருக்கு வெளியே.

வெளியே என்றதும் இணைய நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் ஒரு விஷயம். கிளவுடில் பதிவாகும் சிசிடிவி கேமரா வீட்டில் உண்டா? மாலையில் வீட்டுக்கு வருபவர்களின் போன்கள் அன்றைய போட்டோ, வீடியோக்களை பேக்கப் எடுக்கின்றனவா? அப்லோடு வழியை இவை நிரப்பிவிட்டால் உங்கள் குரல் ரவுட்டரின் வாசலில் வரிசையில் நிற்கும். போன் பேக்கப்பை இரவுக்குத் தள்ளுங்கள், கேமராவின் படத்தரத்தை ஒரு படி குறையுங்கள். ரவுட்டரில் இந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்க்யூஎம் என்ற வசதி இருந்தால் அதை இயக்கி, உண்மையில் கிடைக்கும் அப்லோடு வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை வரம்பாகக் கொடுங்கள். அட்வான்ஸ்டு பக்கத்தில் நான் மனதாரப் பரிந்துரைக்கும் சில வசதிகளில் இது ஒன்று. இணைய நிறுவனங்கள் தரும் ரவுட்டர்களில் பெரும்பாலும் இருக்காது என்பதுதான் வருத்தம்.

வெளியே எப்படி இருந்தாலும், நீங்கள் மாற்றியவற்றைத் திரும்பப் பழையபடி வைத்தே ஆக வேண்டும். அதற்காக ரவுட்டரின் பின்னால் இருக்கும் சின்னத் துளையில் ஊசியை விட்டு ரீசெட் செய்துவிடாதீர்கள். உங்கள் இணைப்புக்கான யூசர் நேம், பாஸ்வேர்டு, விலான் எண் எல்லாம் அதற்குள் இருக்கும். அழிந்தால் டெக்னீஷியன் வரும்வரை வீட்டில் நெட் இருக்காது. ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு, கையாலேயே ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒன்றை மாற்றியதும் பிங் ஓடவிட்டுப் பார்த்த பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

முதலில் டிகேஐபி. ஸ்பீடு டெஸ்ட் 90-இலிருந்து 20-க்கு விழுந்ததற்கு முழுப் பொறுப்பு இதுதான். 2009-இல் வந்த வைஃபை 4 முதல், புதிய வேகங்கள் ஏஇஎஸ் குறியாக்கத்தோடு மட்டுமே கிடைக்கும். டிகேஐபி வைத்தால் ரவுட்டர் எவ்வளவு புதிதானாலும் பழைய 54 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அந்த 54-ம் காகிதக் கணக்கு. கைக்கு வருவது 20, 25 தான். நீங்கள் பார்த்த எண்ணும் அதுவே. டிகேஐபியின் பாதுகாப்பும் எப்போதோ காலாவதியாகிவிட்டது. பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் என்று மாற்றுங்கள், 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு அலைவரிசைக்கும்.

டேப்லெட் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். 2006 மார்ச்சுக்குப் பிறகு வைஃபை சான்று பெற வந்த கருவிகளுக்கு டபிள்யூபிஏ2 கட்டாயம். ஆகவே உங்கள் டேப்லெட்டுக்கு ஏஇஎஸ் தெரியாமல் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. முன்பு ரவுட்டரில் அதைவிடப் புதிய டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்திருக்கலாம். அல்லது சேனல் 12, 13-இல் ஓடியிருக்கலாம், சில கருவிகளுக்கு அந்த இரண்டும் கண்ணில் படாது. டேப்லெட்டில் அந்த வைஃபை பெயரை ‘ஃபர்கெட்’ கொடுத்து அழித்துவிட்டு மறுபடி பாஸ்வேர்டு போட்டுப் பாருங்கள். அதே ரவுட்டர் பக்கத்தில், குரலுக்கும் வீடியோவுக்கும் முன்னுரிமை தரும் டபிள்யூஎம்எம் என்று ஒரு பொத்தான் இருந்தால் அது ஆனில் இருக்கட்டும். அதை அணைத்தாலும் இதே 54-இல் போய் நிற்பீர்கள். அணைத்தால் வேகம் கூடும் என்று சொல்லும் வீடியோக்கள் எங்கிருந்துதான் கிளம்புகின்றனவோ!

பீக்கன் இன்டர்வல் 100, ஆர்டிஎஸ் த்ரெஷோல்டு 2347. இரண்டும் பழைய இடத்துக்குப் போகட்டும். “நான் இங்கே இருக்கிறேன்” என்று ரவுட்டர் வினாடிக்குப் பத்து முறை போடும் அறிவிப்புதான் பீக்கன்; அதுவும் மிக மெதுவான வேகத்தில் போகும். 50 என்று வைத்ததால் அந்த அறிவிப்பு இரட்டிப்பாகி, பேச வேண்டிய நேரத்தைத் தின்கிறது. ஆர்டிஎஸ் 500 என்றால் 500 பைட்டுக்கு மேலான ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அனுமதி கேட்டுப் பதில் வாங்க வேண்டும். ஒன்றையொன்று கேட்க முடியாத கருவிகள் நிறைந்த பெரிய இடங்களில் அதற்கு வேலை உண்டு, உங்கள் வீட்டில் இல்லை. டிரான்ஸ்மிட் பவர் 100-இலேயே இருந்தாலும் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. எம்டியூவை (ஒரு தரவுத் துண்டின் அதிகபட்ச அளவு) தொட்டிருந்தால், பிபிபிஓஇ (யூசர் நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் வகை) இணைப்பாக இருக்கும் பட்சத்தில் 1492 வையுங்கள். டிஎன்எஸ்ஸை மாற்றினால் தளத்தின் முகவரி தேடும் நேரம் கொஞ்சம் குறையலாம், குரலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சேனல் அகலம்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டிய விஷயம், ஏனென்றால் உங்கள் 6 முதல் 9 மணிக் கணக்கு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 13 சேனல்கள் இருந்தாலும் அவை 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு வைஃபைக்கோ 20 மெகாஹெர்ட்ஸ் இடம் வேண்டும். ஒன்றோடொன்று உரசாமல் உட்கார முடிந்தவை 1, 6, 11 என்ற மூன்றே மூன்று. நீங்கள் 40 வைத்தபோது இந்தச் சின்ன இடத்தில் ஏறக்குறைய பாதியை வளைத்துக்கொண்டீர்கள். பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் இரண்டு மூன்றின் பேச்சு இப்போது உங்கள் பேச்சில் வந்து விழும். வைஃபை என்பது ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம் என்ற ஏற்பாடு. பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்டு, யாரும் பேசவில்லை என்றால்தான் லேப்டாப் வாய் திறக்கும். மாலையானால் தெருவில் எல்லா வீட்டு டிவியும் போனும் விழித்துக்கொள்கின்றன. உங்கள் லேப்டாப்புக்கு முறை கிடைப்பது தாமதமாகிறது, குரல் உடைகிறது. 20-க்குத் திரும்புங்கள்.

சேனலை ஆட்டோவில் விடாமல், வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றை மாலை 7 மணிக்குத் திறந்து பார்த்து 1, 6, 11-இல் நெரிசல் குறைந்ததைக் கையால் வையுங்கள். காலையில் பார்த்துப் பயனில்லை. 3 காலியாகத் தெரிகிறதே என்று அங்கே போய் உட்காராதீர்கள். ஒரே சேனலில் இருக்கும் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரிவதால் முறை வைத்துப் பேசிக்கொள்ளும். 3-இல் இருப்பவருக்கு 1-ம் 6-ம் வெறும் இரைச்சல், அவர்களுக்கு இவரும் இரைச்சல், மூவருக்குமே நஷ்டம்.

அதே ஆப் இன்னொரு எண்ணையும் காட்டும்: சிக்னல் வலு, டிபிஎம் அளவில், மைனஸ் குறியோடு. கணக்கு டீச்சருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, இது மடக்கை அளவு. 10 இறங்கினால் வலு பத்தில் ஒன்றாகிவிட்டது என்று அர்த்தம். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும்போது மைனஸ் 67-க்கு மேலே இருந்தால் பேச்சும் வீடியோவும் தடையில்லாமல் ஓடும். மைனஸ் 75-க்குக் கீழே போய்விட்டால் எந்த அட்வான்ஸ்டு பக்கத்தாலும் காப்பாற்ற முடியாது. இதை 2.4, 5 இரண்டுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் தற்காலிகமாக வேறு வேறு பெயர் வையுங்கள், லேப்டாப் எதில் தொங்குகிறது என்று அப்போதுதான் தெரியும்.

5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், மாலை நெரிசலும் குறைவு. ஆனால் கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டுவதற்குள் அதற்கு மூச்சு முட்டும். வாசல் அறையிலிருந்து மாடியின் பின்பக்க அறைக்குக் குறுக்காகப் போகும்போது தளத்தோடு இரண்டு சுவரும் சேருகிறது. நடுவில் இரும்பு பீரோ இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே “5-க்கு மாறுங்கள்” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன், எண் சொல்லட்டும். மைனஸ் 67 கிடைத்தால் 5-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்: சேனல் 36 அல்லது 149, அகலம் 80. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் 40 போதும் என்பேன், தனி வீட்டுக்கு 80 இருக்கட்டும். 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் வேண்டாம். அவை ரேடாருடன் பகிர்ந்துகொள்பவை. ரேடார் போல ஏதாவது காதில் விழுந்தால் ரவுட்டர் உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும், அந்த வகைச் சேனலில் மறுபடி உட்காரக் குறைந்தது 60 வினாடி காதுகொடுத்துக் காத்திருக்க வேண்டும். வகுப்பு நடுவில் அந்த ஒரு நிமிடம் உங்களுக்குத் தேவையில்லை. ரீஜியன் என்ற இடத்தில் இந்தியா என்றே இருக்கட்டும். வேறு நாட்டை வைத்தால் பவர் கூடும் என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், அது விதிமீறல்.

ரவுட்டரை நகர்த்த முடிந்தால் எண்களைவிட அது பெரிய மாற்றம். தரையிலோ டிவி ஸ்டாண்டின் பின்னாலோ இருந்தால் ஆளுயரத்துக்கு மேல் ஏற்றுங்கள், மாடிப்படி இருக்கும் பக்கம் கொண்டுவாருங்கள். செங்குத்தாக நிற்கும் ஆன்டெனா பக்கவாட்டில்தான் அதிகம் வீசும், நேர் மேலே குறைவு. அதனால் இரண்டு ஆன்டெனாவில் ஒன்றைப் படுக்கவைத்துப் பாருங்கள். ஃபைபர் வயரை மட்டும் நீங்களே இழுக்காதீர்கள், மடங்கினால் போய்விடும்.

இவ்வளவும் செய்து நாற்காலியில் மைனஸ் 75-தான் வருகிறது என்றால், என் கருத்து ஒன்றே: கேபிள் இழுங்கள். தினமும் மூன்று மணி நேரம் குரலை நம்பிப் பிழைப்பவருக்கு வைஃபையில் செய்யும் எந்தத் தந்திரமும் ஒரு லேன் கேபிளுக்கு ஈடாகாது. 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாதாமாதம் கூடுதலாகக் கட்டும் காசு ஒரே ஒரு தடவை இதற்குப் போகட்டும். ரிப்பீட்டர் வாங்காதீர்கள். மலிவான ரிப்பீட்டர் கேட்டதையெல்லாம் அதே காற்றில் இரண்டாம் முறை சொல்லும், வேகம் பாதியாகும், தாமதம் கூடும். மெஷ் (ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்கும் பெட்டிகள்) வாங்கியே தீருவேன் என்றால் இரண்டாவது பெட்டியை மாடிப்படித் திருப்பத்தில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வையுங்கள். சிக்னல் செத்துப்போன அறைக்குள் வைத்தால் அதற்கே கேட்காது.

கேபிள் கேட் 6, சுத்தமான செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுச் சரக்கு கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. வெட்டிய நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை இது தாங்கும், உங்கள் வீட்டுக்கு அதில் கால்வாசிகூட ஆகாது. கரண்ட் வயர் போகும் குழாயிலேயே இதையும் திணிக்க வேண்டாம். சன்ஷேடு மேல் வெளிப்பக்கமாகக் கொண்டுபோகாமல் மாடிப்படி ஓரமாக வீட்டுக்குள்ளேயே இழுக்கச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் கோடை மழைக்கும் ஐப்பசி மழைக்கும் விழும் இடியில் வெளியே கிடக்கும் செம்புக் கேபிள் ரவுட்டரின் போர்ட்டையும் லேப்டாப்பையும் சேர்த்துப் பொசுக்கிவிடும்.

மாடியில் கேபிளை நேராக லேப்டாப்பில் செருகுவதே உத்தமம். லேன் துளை இல்லாத லேப்டாப் என்றால் யூஎஸ்பி அடாப்டர் ஒன்று போதும். மாடியில் போனுக்கும் வைஃபை வேண்டும் என்றால், பழைய ரவுட்டர் எங்காவது கிடந்தால் எடுங்கள். அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, கேபிளை அதன் வேன் துளையில் (வெளி இணைப்புக்கானது) விடாமல் லேன் துளை ஒன்றில் செருகுங்கள். கீழே சேனல் 1 என்றால் மேலே 11. லேப்டாப்பை அதன் இன்னொரு லேன் துளையில் செருகலாம்.

எலக்ட்ரீஷியன் கிளம்புவதற்குள் லேப்டாப்பை ரவுட்டரோடு இந்தக் கேபிளில் நேராக இணைத்து, லிங்க் வேகம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். ரவுட்டரிலும் லேப்டாப்பிலும் கிகாபிட் போர்ட் இருந்தும் 1000-க்குப் பதில் 100 காட்டினால், நான்கு ஜோடிக் கம்பிகளில் ஏதோ ஒன்று சரியாகக் கிரிம்ப் ஆகவில்லை. 100 ஓடுவதற்கு இரண்டு ஜோடியே போதும் என்பதால் நெட் வந்துவிடும், அவரும் “வேலை செய்யுதே” என்று கிளம்பப் பார்ப்பார். நிறுத்தி, முனையை வெட்டி மறுபடி அடித்துத் தரச் சொல்லுங்கள்.